கரும்பலகை யாருக்குச் சொந்தம்?

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரை. பேசியபடியே, சில இடங்களில் மட்டும் சுருக்கி எழுதப்பட்டது.)



எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிடம். அடுத்தது குழுப் புகைப்படம், அதற்கு அடுத்தது சாப்பாடு. சாப்பாட்டுக்குக் குறுக்கே நிற்கிறவனுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று விடுதியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் இங்கே இயற்பியல் படித்தவன். பிழைப்பு என்னவோ கம்ப்யூட்டரில் அமைந்துவிட்டது. வேறொரு ஊரில் ஒரு கலைக் கல்லூரியின் கணினி மையத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன். சர்வர் நின்றுவிட்டால் ஓடிப்போய்ப் பார்ப்பது, பாஸ்வேர்டை மறந்த பேராசிரியருக்குப் புதுசு போட்டுக் கொடுப்பது, இதுதான் என் உத்தியோகம். "ஆன்லைன் படிப்பைப் பற்றிப் பேசுங்க, ஆனா எங்களுக்கும் புரியற மாதிரி பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அவர் படித்தது கணிதம். அவருக்கே புரியாதது என்று நான் எதைச் சொல்லிவிடப் போகிறேன்?

நம் காலத்து இயற்பியல் ஆய்வகத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு அண்ணன் ஒருவர் காலையில் தன் வகுப்பில் உட்கார்ந்து குறிப்பு எடுப்பார். அங்கே அவர் மாணவர். மதியம் ஆய்வகத்தில் நமக்கு ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சரிசெய்யக் கற்றுக்கொடுத்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் போடுவார். அங்கே அவர் வாத்தியார். ராத்திரி விடுதியில் அவரே மெஸ் செயலாளர். ஒரே ஆளுக்கு இடத்துக்கு ஒரு வேஷம். இது ஒரு பெரிய கண்டுபிடிப்பு என்று நம்மில் யாருக்காவது தோன்றியிருக்கிறதா?

அமெரிக்காவில் ஒரு கம்பெனிக்குத் தோன்றியது. 2006 ஜனவரியில் அந்த நாட்டுக் காப்புரிமை அலுவலகம் 6,988,138 என்ற எண்ணுள்ள பேட்டன்டை அந்தக் கம்பெனிக்கு வழங்கியது. இன்டர்நெட் வழியாகக் கல்வி நடத்தும் முறை பற்றியது அது. மொத்தம் 44 உரிமைக் கோரிக்கைகள். அதில் முக்கியமான ஒன்று என்ன தெரியுமா? ஒரே பயனாளர் பல பாடங்களில் இருக்கலாம், ஒரு பாடத்தில் மாணவராகவும் இன்னொரு பாடத்தில் ஆசிரியராகவும் இருக்கலாம், அந்தந்த வேஷத்துக்கு ஏற்றபடி அவருக்கு எதைத் திறக்க வேண்டுமோ அதைத் திறந்துவிட வேண்டும் என்பது. நம் எம்.எஸ்சி. அண்ணன்தான். அவரைக் கம்ப்யூட்டருக்குள் உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான்.

கம்பெனியின் பெயர் பிளாக்போர்டு. ஆமாம், கரும்பலகை. பெயர்ப் பொருத்தம் எப்படி இருக்கிறது பாருங்கள்.

அவர்களைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. 1997ல் வாஷிங்டனில் இரண்டு இளைஞர்கள் தொடங்கியது. மறுவருடம் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்கள் நடத்திய கோர்ஸ்இன்ஃபோ என்ற குட்டிக் கம்பெனியோடு சேர்ந்தது. பாடக் குறிப்பைப் போட்டு வைக்க ஓரிடம், தேர்வு வைக்க ஓரிடம், மாணவர்கள் விவாதிக்க ஓரிடம் என்று எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தார்கள். எல்.எம்.எஸ். என்று இன்றைக்கு எல்லாக் கல்லூரியிலும் சொல்கிறார்களே, கற்றல் மேலாண்மை மென்பொருள், அதைப் பெரிய வியாபாரமாக ஆக்கியவர்களில் முதல் வரிசைக்காரர்கள் அவர்கள். நல்ல வேலைதான். ஆனால் நல்ல வேலை செய்தது வேறு, அந்த வேலைக்கு முன்னால் யாருமே இல்லை என்று சொல்வது வேறு.

ஏனென்றால் முன்னால் எத்தனையோ பேர் இருந்தார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் என்ற பொறியாளர் 1960லேயே கம்ப்யூட்டரில் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். பிளேட்டோ என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். மாணவர்களுக்கு நல்ல திரை வேண்டும் என்று அவரும் நண்பர்களும் 1964ல் உருவாக்கியதுதான் பிளாஸ்மா திரை. பின்னாளில் நம் வீட்டுச் சுவர்களில் பிளாஸ்மா டி.வி. தொங்கியதே, அதற்குப் பாட்டன் ஒரு வகுப்பறையில் பிறந்தவர்! 1973ல் அதே பிளேட்டோவில் டேவிட் வூலி என்ற பதினேழு வயதுப் பையன் எல்லோரும் எழுதி விவாதிக்கிற பலகை ஒன்றைச் செய்தான். பிறகு 1990களில் கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மரே கோல்ட்பர்க் என்ற ஆசிரியர் வெப்சிடி என்ற மென்பொருளை உருவாக்கினார். இப்படி ஆன்லைன் படிப்பில் உள்ள அநேக விஷயங்கள் ஏதோ ஒரு ஆசிரியர் தன் வகுப்பின் கஷ்டத்தைத் தீர்க்கச் செய்து பார்த்ததில் வந்தவை. நம் பேராசிரியர்கள் ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் மெஷினில் கை கறுக்கச் சுற்றி நோட்ஸ் கொடுத்தார்களே, அந்த வம்சம். அந்த நோட்ஸை அடுத்த கல்லூரிக்காரர் காப்பி எடுத்தால் சந்தோஷப்பட்டார்களே தவிர, வழக்குப் போடவில்லை.

இங்கே வழக்குப் போட்டார்கள். தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். 2005 அக்டோபரில் பிளாக்போர்டு தன் பெரிய போட்டியாளரான வெப்சிடியை வாங்கப்போவதாக அறிவித்தது. விலை சுமார் 18 கோடி டாலர். 2006 ஜனவரியில் பேட்டன்ட் கைக்கு வந்தது. பிப்ரவரியில் வெப்சிடி கைக்கு வந்தது. ஜூலையில், மிச்சமிருந்த போட்டியாளர்களில் ஒருவர் மீது வழக்கு. ஒரு கையால் வாங்குவது, மறு கையால் தடுப்பது. வாங்க முடிந்தவரை வாங்கு, வாங்க முடியாதவனைக் கோர்ட்டுக்கு இழு. பெரிய கம்பெனிகளின் வியாபார முறை என்று புத்தகங்களில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பத்து மாதத்துக்குள் முழுப் பாடத்தையும் இவர்கள் நடத்திக் காட்டிவிட்டார்கள்.

வழக்கில் சிக்கியது டிசையர்டுலேர்ன் என்ற கனடா கம்பெனி. ஜான் பேக்கர் என்பவர் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோதே 1999ல் தொடங்கியது. ஆபீஸ் கிச்சனர் என்ற ஊரில். (சமையல்கட்டு இல்லை, ஊர்ப்பெயரே அதுதான்.) வாஷிங்டன் கம்பெனி கனடாக் கம்பெனி மீது வழக்குப் போட எந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது? டெக்சாஸ் மாநிலத்தின் கிழக்குக் கோடியில் லஃப்கின் என்ற சின்ன ஊரை. இரண்டு கம்பெனிக்கும் அந்த ஊரோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அந்தக் கிழக்கு டெக்சாஸ் நீதிமன்றம் பேட்டன்ட் வைத்திருப்பவர்களுக்குச் சாதகமான இடம் என்று அப்போது பெயர் வாங்கியிருந்தது.

வழக்கு நடந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், சட்டம் படித்த நண்பர்கள் என்னை மன்னிக்க வேண்டும். முதல் 35 கோரிக்கைகளும் தெளிவாக இல்லை என்று நீதிபதியே தள்ளிவிட்டார். 36, 37, 38 என்ற மூன்று மட்டும் ஜூரிக்குப் போயின. நம் எம்.எஸ்சி. அண்ணன் இருப்பது அந்த மூன்றில்தான். 2008 பிப்ரவரியில் ஜூரி பிளாக்போர்டு பக்கம் தீர்ப்பளித்தது. நஷ்டஈடு 31 லட்சம் டாலர். அடுத்த மாதம் தடையுத்தரவும் வந்தது.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். டிசையர்டுலேர்னின் பொறியாளர்கள் அப்போது என்ன செய்தார்கள்? தடையுத்தரவிலிருந்து தப்புவதற்காக, ஓடிக்கொண்டிருந்த மென்பொருளைப் பிரித்து, அந்த மூன்று கோரிக்கைகளைத் தொடாதபடி மாற்றி எழுதி, 8.3 என்று புதிய பதிப்பு வெளியிட்டார்கள். அதாவது திறமையான ஆட்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து, ஒரு நல்ல வசதி இன்னொருவர் வேலியைத் தொடாமல் இருப்பதற்காக வேலை செய்தார்கள். கண் தெரியாத மாணவனுக்குப் பாடத்தை எப்படிக் கொடுப்பது, கிராமத்தில் மெதுவான இன்டர்நெட்டில் தேர்வு எப்படி வைப்பது என்று யோசிக்க வேண்டிய மூளை அது. பெரிய கம்பெனிகள் புதுமையைக் கெடுக்கின்றன என்று பொதுவாகச் சொன்னால் நமக்கு உறைப்பதில்லை. கெடுவது இப்படித்தான். எந்தப் பொருளும் உடைவதில்லை, யாரும் அழுவதில்லை. வரவேண்டியது ஒன்று வராமல் போகிறது. வராமல் போனதை யார் எண்ணிப் பார்ப்பது?

ஆனால் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது.

வழக்குச் செய்தி வந்ததுமே, அமெரிக்கா, கனடா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று பல நாட்டு ஆசிரியர்களும் என்னை மாதிரி சர்வர் பார்க்கிற ஆட்களும் கொதித்துப் போனார்கள். "இதை நாங்க அப்பவே செஞ்சோமே!" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சொன்னால் போதாது, சான்று வேண்டும் அல்லவா? பரணில் இருந்த பழைய கையேடு, கருத்தரங்கில் படித்த கட்டுரை, பழைய சர்வரில் தூங்கிக்கொண்டிருந்த கோப்பு என்று தேட ஆரம்பித்தார்கள். எந்த வருடம், எந்தக் கல்லூரி, எந்த வசதி என்று விக்கிப்பீடியாவில் வருடவாரியாக ஒரு பட்டியல் வளர்ந்தது. பேட்டன்டை உடைக்க வேண்டும் என்றால் "இது முன்னாலேயே இருந்தது" என்று காட்ட வேண்டும். அதற்கு வக்கீலை விடப் பழைய காகிதம் உதவும். ரிட்டயர் ஆன வாத்தியார்கள் வீட்டில் காகிதக் கட்டை எடைக்குப் போடச் சொல்லி நச்சரிக்கும் குடும்பத்தார் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். (சிரிப்பு)

அதே 2006 நவம்பரில், மென்பொருள் சுதந்திரச் சட்ட மையம் என்ற அமைப்பு சகாய், மூடுல், ஏடியூட்டர் ஆகிய மூன்று இலவசக் கல்வி மென்பொருள்களின் சார்பாகக் காப்புரிமை அலுவலகத்தில் மறுபரிசீலனை மனு கொடுத்தது. கல்லூரிக் கணினித் துறையினரின் பெரிய சங்கமான எஜுகாஸ் பிளாக்போர்டுக்குக் கடிதமே எழுதியது. தன்னிடம் பொருள் வாங்கும் வாடிக்கையாளர்களே முகம் சுளிப்பதைப் பார்த்து, 2007 பிப்ரவரியில் அந்தக் கம்பெனி ஒரு உறுதிமொழி கொடுத்தது: ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்கள் மீதும், கல்லூரிகள் தாமே எழுதிக்கொண்டவை மீதும் வழக்குப் போட மாட்டோம் என்று. வியாபாரப் போட்டியாளருக்கு அந்தச் சலுகை கிடையாது.

2008 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம், தானே கொடுத்த பேட்டன்டின் 44 கோரிக்கைகளையும் முதற்கட்டமாக நிராகரித்தது. 2009 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த மூன்று கோரிக்கைகளும் செல்லாது, முன்பே இருந்த விஷயம்தான் என்று தீர்ப்பளித்தது. "ஒரே ஒரு லாகினில் எல்லா வேஷமும் என்பதுதான் எங்கள் புதுமை" என்று பிளாக்போர்டு வாதாடியது. உங்கள் கோரிக்கையில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லையே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வருடக் கடைசியில் இரு கம்பெனிகளும் சமாதானம் ஆகிவிட்டன.

மூன்றரை வருடம்! ஜெயித்தவர்களுக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், செய்துகொண்டிருந்ததைத் தொடர்ந்து செய்யலாம் என்பது மட்டும்தான்.

நடுவில் ஒன்று சொல்ல மறந்துவிடக்கூடாது. அந்த 2009லேயே ஏஞ்சல் என்ற இன்னொரு போட்டி மென்பொருளையும் பிளாக்போர்டு வாங்கிவிட்டது. பிளாக்போர்டு வேண்டாம் என்றே ஏஞ்சலைத் தேர்ந்தெடுத்த கல்லூரிகள் உண்டு. கல்யாணம் வேண்டாம் என்று ஓடிப்போனவரை அடுத்த ஊர்ச் சத்திரத்தில் அதே மாப்பிள்ளை வரவேற்ற மாதிரி ஆயிற்று அவர்கள் கதை. வெப்சிடியும் ஏஞ்சலும் சில வருடங்களில் வழக்கொழிந்தன. அந்தப் பெயர்களை இன்றைய பிள்ளைகளிடம் கேட்டால் தெரியாது.

இவ்வளவு செய்தும் கரும்பலகை நிலைத்ததா? 2008ல் யூட்டா மாநிலத்தில் இரண்டு மாணவர்கள் தொடங்கிய இன்ஸ்ட்ரக்சர் என்ற கம்பெனியின் கேன்வாஸ் வந்து, அமெரிக்கக் கல்லூரிகளில் அவர்களை முந்திவிட்டது. பிளாக்போர்டு 2011ல் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போய், 2021ல் ஆந்தாலஜி என்ற கம்பெனியோடு இணைந்தது. அந்த ஆந்தாலஜி கடன் தாங்காமல் 2025 செப்டம்பரில் திவால் நீதிமன்றப் படி ஏறியது. முந்திய கேன்வாஸும் 2020ல் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கும், 2024ல் இன்னொன்றுக்கும் கைமாறிவிட்டது. நம் பாடத்தை யார் வீட்டில் வைத்திருக்கிறோம் என்று பார்க்கப் போனால், வீட்டுக்காரர் மாறிக்கொண்டே இருக்கிறார்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இந்தியாவில் இந்த மாதிரி பேட்டன்ட் வாங்குவது அவ்வளவு சுலபம் இல்லை. நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரல் என்ற அளவில் மட்டும் உள்ள எதையும் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. 2004 டிசம்பரில் ஒரு அவசரச் சட்டம் அந்தப் பிரிவைத் தளர்த்தப் பார்த்தது. எதிர்ப்பு வந்தது. 2005ல் பாராளுமன்றம் அந்தத் திருத்தத்தை விட்டுவிட்டுத்தான் சட்டத்தை நிறைவேற்றியது. நம்மில் பலருக்கு அந்தச் செய்தி கண்ணில்கூடப் பட்டிருக்காது. ஆனால் இன்றைக்கு ஒரு இளைஞன் திருநெல்வேலியில் உட்கார்ந்து ஒரு கல்வி மென்பொருள் எழுதினால், கோர்ட் பயம் இல்லாமல் எழுதலாம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதற்காக நாம் தப்பித்துவிட்டோம் என்று அர்த்தம் இல்லை. இங்கே வேலி வேறு ரூபத்தில் வருகிறது. அதன் பெயர் இலவசம்.

கூகுள் கிளாஸ்ரூம் 2014ல் வந்தது. அதே வருடம் கல்வி நிறுவனங்களுக்கு அளவே இல்லாத சேமிப்பு இடம் இலவசம் என்றும் கூகுள் அறிவித்தது. 2020ல் கொரோனா வந்து கல்லூரிக் கதவுகள் சாத்தப்பட்டபோது, அது மட்டும் இல்லையென்றால் எத்தனையோ ஊர்களில் வகுப்பே நடந்திருக்காது. நன்றி மறக்கக்கூடாது. உலகம் முழுக்கப் பாடமும் வீடியோவும் விடைத்தாளும் அங்கே போய்க் குவிந்தன. 2021 பிப்ரவரியில், அளவில்லாத இடம் இனி இல்லை, ஒரு நிறுவனம் முழுமைக்கும் சேர்த்து அடிப்படையாக 100 டெராபைட்தான், 2022 ஜூலையிலிருந்து இது அமலுக்கு வரும் என்று கூகுள் சொன்னது. கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆயிரக்கணக்கான மாணவர்கள் பல வருடமாகச் சேர்த்துவைத்த வீடியோவைக் கணக்குப் போட்டால் போதாது. அப்போது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, முதலில் யார் தலையில் கை வைத்தன தெரியுமா? பழைய மாணவர்கள் தலையில். ஆயுளுக்கும் உண்டு என்று கொடுத்திருந்த மின்னஞ்சல் கணக்குகளைச் சுருக்கின, சில இடங்களில் மூடியே விட்டன. நம் சங்கத்துக்கு இது புரியும்!

கூகுள் ஏமாற்றிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் செய்தார்கள். அவர்கள் பொருள், அவர்கள் விலை. ஆனால் அடுத்தவர் திண்ணையில் இலவசமாகப் படுத்தவன், காலி செய்யச் சொன்னால் எங்கே போவான் என்று முதல் நாளே யோசித்திருக்க வேண்டாமா?

நான் வேலை பார்த்த கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கல்வி மென்பொருள் கம்பெனி வந்தது. பெயர் வேண்டாம். மூன்று வருடம் இலவசம் என்றார்கள். நிர்வாகம் கையெழுத்துப் போட்டது. தமிழ்த்துறையில் ஒரு பேராசிரியை இருந்தார். பதினாறு வருடமாகச் சேர்த்த வினாக்களை எல்லாம் ஒரு விடுமுறை முழுக்க உட்கார்ந்து அதில் ஏற்றினார். யாப்பிலக்கணத்துக்கு மட்டும் ஆயிரத்துக்கு மேல். சீர் பிரித்துக் காட்டு, தளை சொல் என்று மாணவர்கள் செய்த பிழை ஒவ்வொன்றுக்கும் எதிரில் தன் குறிப்பு எழுதுவார். அடுத்த வருடப் பிள்ளைகள் முந்தின வருடப் பிழைகளைப் பார்த்துப் படிப்பார்கள். நாலாவது வருடம் தலைக்கு இவ்வளவு என்று பில் வந்தது. அரசு உதவி பெறும் கல்லூரி, எங்கே போகும்? விலகிக்கொள்கிறோம், எங்கள் பாடத்தைக் கொடுங்கள் என்று கேட்டோம். போனில் பேசிய பையன் ரொம்ப மரியாதையான பையன். "சார், வினாவெல்லாம் பி.டி.எஃப்.ஆ வந்துடும் சார். மார்க்கு, கமென்ட் எல்லாம் எக்ஸ்போர்ட் ஆகாது சார். சிஸ்டம் அப்படித்தான் சார் இருக்கு." முப்பது நாள் கெடு.

அந்த அம்மா கோபப்படவில்லை. "சரி தம்பி, வினா திரும்ப எழுதிக்கலாம். பசங்க பண்ணின தப்பு திரும்பக் கிடைக்காதே" என்று என்னிடம் சொன்னார்கள். ஆன்லைன் படிப்பின் சொத்து எது என்று அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. நானும் இரண்டு மாணவர்களும் அந்த முப்பது நாளில் திரையைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்து எடுத்தது பாதிகூட இருக்காது. எடுத்ததை மூடுலில் ஏற்றினோம்.

மூடுல் பற்றி இரண்டு வார்த்தை. மார்ட்டின் டூகியமாஸ் என்ற ஆஸ்திரேலியர் ஆரம்பித்தது. மனித நடமாட்டம் குறைந்த உள்நாட்டில் வளர்ந்தவர் அவர், சின்ன வயதில் பள்ளிப் பாடமே ரேடியோ வழியாகத்தான். பெர்த் நகரில் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வெப்சிடி சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். என் உத்தியோகம்! அதில் திருப்தி வராமல் தானே ஒன்று எழுதி, 2002 ஆகஸ்டில் முதல் பதிப்பை வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று விட்டுவிட்டார். நம் மாநிலத்துக் கல்லூரிகள் பலவற்றில் இன்றைக்கு அது ஓடுகிறது. தன்னார்வலர்கள் மொழிபெயர்த்ததால் தமிழிலும் உண்டு. குறை இல்லாமல் இல்லை. முகப்பு கொஞ்சம் பழைய பாணி. புதுப்பித்துக்கொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும். இலவச மென்பொருள் என்றால் செலவே இல்லை என்று நினைக்கும் நிர்வாகிகளிடம் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சாப்பாடு ஆறிவிடும். நாய்க்குட்டி இலவசமாகக் கிடைக்கும், அதற்குச் சோறு போடுவது நம் பொறுப்பு. ஆனால் அதில் வைத்த பாடம் மார்க்கோடும் குறிப்போடும் நம் கையில் இருக்கும். நாளைக்கு வேறு இடத்துக்குப் போனாலும் கையோடு கொண்டுபோகலாம்.

இப்போது நான் வந்த காரியம். முதல்வர் அவர்களின் அனுமதியோடு சொல்கிறேன். நம் கல்லூரிக்கும் ஒரு கம்பெனி வந்திருக்கிறது. இதுவும் மூன்று வருடம் இலவசம். எல்லாத் துறைகளின் பாடமும் தேர்வும் அதில் மட்டுமே நடக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆட்சிக் குழு அடுத்த மாதம் கூடுகிறது. அந்தக் கம்பெனி நல்ல கம்பெனியாகவே இருக்கலாம். ஆனால் ஒப்பந்தத்தில் மூன்று வருடம் கழித்து என்ன விலை என்று எழுதவில்லை. விலகினால் மாணவர் விடைகளும் ஆசிரியர் குறிப்புகளும் எந்த வடிவத்தில், எத்தனை நாளில் திரும்பி வரும் என்றும் எழுதவில்லை. அந்த இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள் என்பது முதல்வர் அவர்களிடம் என் பணிவான கோரிக்கை. எழுதித் தர மறுத்தால் அந்த மறுப்பே நமக்குப் பதில்.

சங்கத்திடமும் ஒன்று கேட்க வேண்டும். வாசலில் நுழைவு வளைவு கட்ட நிதி திரட்டியிருக்கிறோம். வளைவு வேண்டாம் என்று நான் சொன்னால் தலைவர் என்னை அந்த வளைவுக்கு வெளியே நிறுத்திவிடுவார். கட்டுங்கள். கொஞ்சம் சின்னதாகக் கட்டி, மிச்சத்தில் ஒரு நல்ல சர்வரும், அதைப் பார்த்துக்கொள்ள நம் கல்லூரியில் படித்த ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ ஐந்து வருடச் சம்பளமும் ஒதுக்கிக் கொடுங்கள். முதல் வருடம் அந்தப் பிள்ளைக்கு வேலை கற்றுக்கொடுக்கச் சம்பளம் இல்லாமல் வர நான் தயார். பஸ் சார்ஜ்கூட வேண்டாம், எனக்கு மூத்த குடிமகன் டிக்கெட் வந்துவிட்டது... அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று கண்டக்டர்தான் முடிவு செய்வார். (சிரிப்பு)

இந்த யோசனையை ஒரு பக்கத்தில் எழுதி, பதிவு மேசையில் அண்ணாச்சி பக்கத்தில் வைத்திருக்கிறேன். சம்மதம் உள்ளவர்கள் படித்த வருடத்தையும் துறையையும் குறித்துக் கையெழுத்துப் போடுங்கள். சம்மதம் இல்லாதவர்கள் காரணத்தை அதற்குக் கீழேயே எழுதலாம், இடம் விட்டிருக்கிறேன். மாலை நாலு மணிப் பொதுக்குழுவில் அது வாசிக்கப்படும்.